வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கள்

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வாடகை வீடு கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீடு தேவையே இல்லை. அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது, சிலருக்குத் தோப்பு இருந்தது, கல்யாண வயதில் ஒரு பையனும் இருந்தான். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பெண் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருவார்கள். நேராகக் கேட்டால் மரியாதை இல்லையாம். அதனால் "இங்கன வாடகைக்கு வீடு ஏதும் இருக்கா?" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கும் விஷயம் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இல்லாத வீட்டைப் பற்றி ரொம்ப அக்கறையாகப் பேசுவார்கள். அப்புறம் போகிற போக்கில், "பக்கத்து வீட்டுல ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு போல?" என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர்கள் பஸ் ஏறி வந்திருப்பார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. போன வாரம் என் மருமகளிடம் சொன்னேன். "நேரா கேக்க வேண்டியதுதான அத்தை, எதுக்கு இந்த டிராமா?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த வயதில் பெரியவர்கள் செய்கிற எதுவுமே பிடிபடவில்லை. இருப்பதை இல்லை என்பார்கள், இல்லாததை இருக்கு என்பார்கள், பிள்ளைகள் பொய் சொன்னால் மட்டும் முதுகில் போடுவார்கள். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கையில், அந்த டிராமாவை நடத்திய மனுஷிகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது. ஒரு சாரல் காலத்துக் கதை அது.

ராஜபாளையத்தில் மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, மில் சங்குச் சத்தத்துக்குச் சோறு வடிக்கிற தெரு எங்கள் தெரு. அப்பா மில்லில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவத்திலும் காது முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்த பிறகும் அவர் பக்கத்தில் படுத்தால் எனக்குத் தும்மல் வரும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பின்கட்டில் அது ஆள் உயரத்துக்கு மட்டும் எழும்பி நிற்கும். அங்கே பாத்திரம் தேய்த்தால் இங்கே கேட்கும், இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் அத்தை. சொந்த அத்தை இல்லை. அம்மா அவரை மதினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. மாமா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய தகரப் பெட்டியோடு லீவில் வருவார். அத்தைக்கு ஒரே மகள். அக்கா என்றால் எனக்கு அந்த அக்காதான். ரிப்பன் கட்டிவிடுவாள், டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சைக்கிளில் போகும்போது என்னையும் கேரியரில் உட்கார வைத்துத் தெருமுனை வரை கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அவளிடம் குறை என்று ஊர் சொன்னது ஒன்றுதான், அவள் சிரிப்பு. அடேயப்பா, என்ன சிரிப்பு அது! எதற்காவது சிரித்தாள் என்றால் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். "பொம்பளப்பிள்ள சிரிக்கிற சிரிப்பா இது" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவர்களும் சிரிப்பார்கள்.

அந்த அக்காவுக்கு ஒரு நல்ல இடம் எங்கள் அம்மாவால் தட்டிப்போனது. வேண்டுமென்று செய்யவில்லை. நடந்தது இதுதான்.

அந்தச் சாரல் காலத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள் வாடகைக்கு வீடு கேட்டு ஒரு அம்மாளும் ஒரு பெரியவரும் வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் புரிந்திருக்கும், எங்கள் அம்மாவுக்கு மட்டும் புரியவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கெரசின் ஸ்டவ் பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது, அம்மாவின் புத்தி முழுக்க அதில் இருந்தது. நிஜமாகவே வீடு தேடுகிறவர்கள் என்று நினைத்து, காலி வீடு எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் மெதுவாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, இதென்ன, வீடு கேட்க வந்தவள் ஊர் வம்பு கேட்கிறாளே என்று அம்மாவுக்குப் பட்டுவிட்டது. அடுத்த வீட்டு விஷயத்தை மூன்றாம் மனிதரிடம் பேசுவது அம்மாவுக்குப் பிடிக்காது. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி 'தெரியாது' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். திட்டினால்கூடப் பொறாமை என்று தள்ளிவிடலாம். ஒரே சுவரில் குடியிருக்கிறவள் தெரியாது என்று சொன்னால், சொல்ல முடியாத அளவுக்கு என்னவோ இருக்கிறது என்று பொருள். வந்தவர்கள் அடுத்த வீட்டில் விசாரிக்கவே இல்லை, நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள்.

தரகர் மூலம் விஷயம் அத்தை காதுக்கு வந்தது. அத்தை ஈரக்கையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தெரியாதுன்னா சொன்ன?"

"ஆமா மதினி, ஆனா நான் என்ன நெனச்சேன்னா..."

"ஒம் மடியில படுத்து வளந்த பிள்ளைய ஒனக்குத் தெரியாது? நல்லா இரு."

அவ்வளவுதான் பேச்சு. அத்தை போய்விட்டார். வந்தவர்கள் நிஜமாகவே வீடு தேடுகிறார்கள் என்று நினைத்தேன் என்று அம்மா எப்படிச் சொல்வாள்? சொன்னால் தொட்டில் பிள்ளைகூட நம்பாது. அப்பாவே நம்பவில்லை. "வீடு கேட்டா வீடா? நீ எந்த ஊர்க்காரி?" என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவள் எங்கள் அம்மா. பதினைந்து நிமிஷ பஸ் தூரத்தில் வழக்கம் மாறிவிடுமா என்ன?

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்தப் பேச்சில்லாமல் இருப்பது இருக்கிறதே, அதற்கு எத்தனை ஒழுங்கு! குழாயில் தண்ணீர் வந்தால் அத்தை தன் குடத்தைப் பார்த்து, "தண்ணி வந்தது செலருக்குத் தெரியல போல" என்று சொல்வார். அம்மா உடனே குடத்தோடு ஓடுவாள். அம்மா எங்கள் கோழியைப் பார்த்து, "மேகம் இருட்டுது, கொடியில துணி கெடக்கே, எடுக்க ஆள் இல்லையா" என்பாள். அத்தை வந்து துணியை எடுப்பார். எனக்கு அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கியபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேப்பங்கொழுந்து வந்தது, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கல் எங்களுக்கும் எங்களுடையது அவர்களுக்கும் என் கையால்தான் போய் வந்தது. தூக்குவாளியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்பினார்கள். அக்கா மட்டும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. எப்போதும் போல எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் டைப்புக்குப் போவாள். இப்படி ஒரு சண்டையை இன்றைக்கு யாராவது போட்டுக் காட்டட்டும், பார்க்கலாம்.

ஆனால் அக்காவுக்கு அதன் பிறகு இடமே வரவில்லை. ஒரு இடம் தட்டிப்போனால் அடுத்த இடத்துக்கும் சேதி போய்விடும். அத்தை மெலிந்து போனார். அக்காவின் சிரிப்புச் சத்தமும் குறைந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எவனாவது இன்னொரு தடவ விசாரிக்க வரட்டும், அப்ப பாத்துக்கிடுதேன்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆனி மாதம் பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்க ஆரம்பித்தது. வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் குடும்பம் ஒன்று அக்காவைக் கேட்டு வரப்போகிறது என்று தெருவில் பேச்சு அடிபட்டது. அவ்வளவுதான், அம்மா வாசலை விட்டு நகரவில்லை. அரிசி புடைப்பது, கீரை ஆய்வது எல்லாம் வாசலில்தான். வெள்ளை வேட்டி கட்டி எவர் தெருவுக்குள் வந்தாலும் எழுந்து நிற்பாள். ஐஸ்காரரைக்கூட ஒரு தடவை, "என்ன, வீடு பாக்க வந்தீகளா?" என்று கேட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு நாள் வந்தார்கள். ஒரு மனிதர், அவர் மனைவி, மனைவியின் இடுப்பில் மூக்கொழுகிக்கொண்டு ஒரு சின்னப் பையன்.

"அக்கா, இங்கன வாடகைக்கு வீடு ஏதும் இருக்கா?"

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமி வந்தது மாதிரி இருந்தது. "வாங்க வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்து, காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்த மனைவி பாவம், "தண்ணி எப்பக்கா வரும்?" என்று கேட்டாள்.

"தண்ணி கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

"வாடகை எம்புட்டு சொல்லுவாக?"

"அதப் பொறவு பேசிக்கலாம்."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அப்புறம், குடிவரப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது போல, "அக்கம்பக்கத்துல எல்லாம் எப்படிப்பட்ட ஆளுகக்கா?" என்று கேட்டாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு வருஷமாக மனதில் எழுதி எழுதி அழித்து வைத்திருந்தது எல்லாம் கொட்டியது.

"பக்கத்து வீட்டப் பத்தியா கேக்கீக? அந்தம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. மொகம் பாத்துப் பேசி ஒரு வருசமாச்சு. அதனால அவியளுக்குப் பரிஞ்சு பேசணும்னு எனக்கு ஒரு அவசியமும் இல்ல, பாத்துக்கோங்க. ஆனா அவிய மக இருக்காளே, அந்தப் பிள்ள மாதிரி ஒரு பிள்ள இந்த ராஜபாளையத்துல கெடையாது. சத்தமா சிரிப்பா. ஆமா, சிரிப்பா! எனக்கு டைபாய்டு வந்து நாராக் கெடந்தப்ப அந்தச் சிரிப்பு செவுத்தத் தாண்டி வரும். அதக் கேட்டுத்தான் நான் எந்திரிச்சு உக்காந்தேன். அவ அம்மா எங்கூடப் பேசாட்டியும், எம் பிள்ளைக்குத் தல பின்னாம ஒரு நாள் போனதில்ல. சைக்கிள்ல போறான்னு சொல்லுவாக. போறா. இந்தத் தெருவுல யாருக்கு மருந்து வேணும்னாலும் அந்தச் சைக்கிள்தான் போகுது. அவளப் பத்தி ஒரு சொல்லு கொறச்சுச் சொன்னா அந்த நாக்கு அழுகிரும்."

அத்தை வீட்டுப் பின்கட்டில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதை நான் கவனித்தேன். வெகுநேரம் வரை அது மறுபடி கேட்கவில்லை.

வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு மலங்க மலங்க விழித்துக்கொண்டே போனார்கள். அம்மா அன்று ஒரு வருஷத்துக்குச் சேர்த்துச் சாப்பிட்டாள். ஒரு நாள் கழித்து எதிர் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. கட்டில், பானை, துணி மூட்டை, ஒரு ஆட்டுக்கல், அதற்கு மேலே அந்த மூக்கொழுகிப் பையன். அம்மா வாசலில் அப்படியே நின்றாள்.

"அய்யய்யோ! நெசமாவே வீடு தேடி வந்தவியளா!"

எதிர் வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அன்று அம்மாவுக்கு அது நினைவுக்கே வரவில்லை. அவர்களே வேறு யாரிடமோ விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். கான்சாபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் குடும்பம் அது. அப்பா சிரித்த சிரிப்பில் அவர் தலையில் இருந்த பஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது. "விசாரிக்க வந்தவியள்ட்ட வீட்டக் காட்டுன. வீடு கேட்டு வந்தவியள்ட்ட பொண்ணக் காட்டுன" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தையும் ஆள் மாறிக் கொட்டிவிட்டோமே என்ற அழுகை அது.

பால் காய்ச்சிய அன்று வாத்தியார் வீட்டம்மா ஒரு டம்ளர் பாலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. எங்க பையனுக்கு நாலு வயசுதான் ஆகுது. அவனுக்கா பொண்ணு சொன்னீக?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்து, நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். "அப்படியாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். அம்மா எங்கள் சித்தியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்துத்தான் வத்திராயிருப்புக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும், மாப்பிள்ளையின் தாய்மாமனும். எங்கள் வீடு பூட்டியிருந்ததால் எதிர் வீட்டுக்குப் போனார்கள். நான் வாத்தியார் வீட்டுப் பையனோடு அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா மரப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். நிதானமான மனுஷி, மஞ்சள் பூசிய முகம், அதிகம் பேசவில்லை. தாய்மாமன்தான் ஆரம்பித்தார்.

"இங்கன வாடகைக்கு வீடு ஏதும் இருக்கா தாயி?"

வாத்தியார் வீட்டம்மாவுக்கு இந்தத் தடவை எல்லாம் புரிந்துவிட்டது. வாடகை, தண்ணீர், கரண்டு என்று முறைப்படி எல்லாம் பேசி முடித்தார்கள். அக்காவைப் பற்றிய கேள்வி வந்ததும் அவர் சொன்னார்: "நாங்க இப்பத்தான் குடிவந்தோம், எங்களுக்கு என்ன தெரியும்? ஆனா எதித்த வீட்டுக்காரவிய இருக்காக. அவியளுக்கும் அந்த வீட்டுக்கும் சுத்தமாப் பேச்சே கெடையாது. அப்பேர்ப்பட்டவிய சொன்னதச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க." அப்படிச் சொல்லிவிட்டு டைபாய்டு, தலை பின்னுவது, மருந்து வாங்கப் போகும் சைக்கிள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேச்சே கெடையாதா?"

"கோழியோடதான் பேசுவாக. ஒருத்தருக்கொருத்தர் பேசுனா நான் எம் பேர மாத்திக்கிடுதேன்."

பகையாளி வாயில் வந்த பாராட்டுக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு மதிப்பு. சொந்தக்காரர்கள் சொன்னால் தள்ளுபடி, சிநேகிதி சொன்னால் சந்தேகம். பேச்சில்லாதவள் சொன்னால் அதற்கு மேல் சாட்சி கிடையாது. ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்துப் பூ வைத்தார்கள். ஆவணியில் கல்யாணம்.

பேசி முடித்த சேதி வந்த சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் வழியாக வரவில்லை, பின்கட்டு வழியாக வந்தார். அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அம்மாவுக்கு எதிரே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒங்கம்மாட்ட கேளு. வாத்தியார் வீட்டுக்காரவியள்ட்ட ஏன் அப்படியெல்லாம் சொன்னாளாம்?"

அம்மா மாவைத் தள்ளிக்கொண்டே, "இருக்குறதத்தான் சொன்னேன்னு சொல்லுட்டி" என்றாள்.

"அப்ப மொதல்ல வந்தவியள்ட்ட மட்டும் ஏன் தெரியாதுன்னு சொன்னாளாம்?"

அம்மாவின் கை நின்றது. மாவு கையோடு எழுந்தாள். என்னைத் தாண்டி நேராக அத்தையைப் பார்த்தாள்.

"வீடு தேடித்தான் வந்திருக்காகன்னு நெசமாவே நம்பிட்டேன் மதினி. சத்தியமா மதினி. என்னைய மாதிரி ஒரு மடச்சி இந்த ஊர்ல உண்டா?"

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அந்தத் தண்ணீர் அழுகையாக மாறி, அம்மாவின் மாவுக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஒரு வருசம் போச்சேட்டி, ஒரு வருசம் போச்சே" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

அப்போதுதான் வாத்தியார் வீட்டம்மா தெருவைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அய்யோ, ரெண்டு பேரும் என்ன காரியம் செய்தீக! தெருவுக்கே கேக்குது. சம்பந்தகாரவியள்ட்ட ஒங்களுக்குப் பேச்சே இல்லன்னுல்ல சொல்லியிருக்கேன். இப்ப நீங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா, எல்லாரும் சேந்து கூட்டாச் சொன்ன பொய்யின்னு ஆகிராதா?"

இரண்டு பேருக்கும் முகம் வெளிறிவிட்டது. ஏற்கெனவே ஒரு தடவை தட்டிப்போன பெண். இன்னொரு தடவை என்றால் அவ்வளவுதான். கழுத்தில் தாலி ஏறி அக்கா வண்டி ஏறுகிற வரைக்கும் பேசுவதில்லை என்று அங்கேயே, பேசி, முடிவு செய்தார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். நிஜமாகப் பேசாமல் இருந்த வருஷத்தில் அவர்கள் பட்டது ஒன்றுமில்லை, பேச முடியாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில் பட்ட பாடுதான் பாடு. பலகாரத்துக்கு மாவு இடிப்பது, சேலை எடுப்பது, யாரை அழைப்பது என்று பேச எவ்வளவு இருந்தது! எல்லாம் பின்கட்டுச் சுவர் ஓரமாக, குசுகுசுவென்று. ஒரு நாள் அம்மா அத்தையின் அடுப்படியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு சாக்கு தேங்காயோடு வந்து வாசலில் நின்றார். அம்மாவுக்கு ஓட வழியில்லை. சட்டென்று எழுந்து முந்தானையை உதறினாள்.

"எங்கோழிய அடைச்சு வச்சுக்கிட்டா நான் கேக்க வரக்கூடாதா?" என்று கத்தினாள்.

அத்தை ஒரு விநாடி திகைத்தார். அப்புறம் அவரும், "ஒங்கோழிய யாரு பாத்தா? கண்ட எடத்துல மேய விட்டுட்டு இங்க வந்து கேக்கயா?" என்று கரண்டியைத் தூக்கினார். ஒரு வருஷம் பேசாதவர்கள் அன்றைக்குப் போட்ட சண்டையை அவர்கள் நிஜச் சண்டையின்போதுகூடப் போட்டதில்லை. அக்கா வாயில் துணியை அடைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். எங்கள் கோழி எங்கள் வாசலில் நின்று தானியம் கொத்திக்கொண்டிருந்தது. தாய்மாமன் தேங்காயை இறக்கிவிட்டு, "நல்ல நேரத்துல எதுக்கும்மா சண்ட, விடுங்க" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அதுதான் பொதுவான இடம். மாமா பட்டாளத்திலிருந்து வந்து மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றார். விடியற்காலையிலேயே பின்வாசல் வழியாக வந்து காய் நறுக்க ஆள் பார்த்து, தேங்காய் துருவ ஆள் பார்த்து, சாம்பாருக்கு உப்பும் பாயசத்துக்குச் சர்க்கரையும் பார்த்தது எங்கள் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் பின்வாசலில் வெளியேறி, முன்வாசல் வழியாக விருந்தாளி மாதிரி வந்தாள். அத்தை பன்னீர்ச் செம்போடு நின்றார். "வாங்க" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அம்மா மூக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தை சுவரைப் பார்த்தபடியே தெளித்ததில் பாதிப் பன்னீர் என் தலையில் கொட்டிவிட்டது. தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று போட்டுவிட்டு அங்கேயே கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா இதையெல்லாம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து வேன் வந்தது. அக்கா எல்லோரிடமும் "போய்ட்டு வாரேன்" சொன்னாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது அல்லவா, வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், திரும்பி வரவே போவதில்லை என்றாலும். மாமாவிடம் சொன்னாள், அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண் அம்மாவைத் தேடியது. அம்மா தூணை விட்டு வரவில்லை. அக்கா என்னிடம் வந்து குனிந்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி என்னைக் கட்டிப்பிடித்தாள். பட்டுச்சேலைச் சரிகை என் கன்னத்தில் கீறியது. "இது ஒனக்கு இல்லட்டி. ஒங்கம்மாட்ட கொண்டுபோய்க் குடு" என்று காதில் சொன்னாள்.

வேன் தெருமுனை திரும்பியது. நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து, அக்கா தந்ததைக் கொடுத்தேன். அவ்வளவுதான், அம்மாவுக்கு அணை உடைந்துவிட்டது. "மதினி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அத்தையும் ஓடிவந்தார். நடு மண்டபத்தில், சுருட்டாமல் கிடந்த ஜமக்காளத்தின் மேல், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகையோடு பேச்சு, பேச்சோடு சிரிப்பு. அக்காவின் சேலை எவ்வளவு எடுப்பாக இருந்தது, மாப்பிள்ளை எவ்வளவு பதவிசு, சாம்பாரில் காரம் தூக்கல் என்று ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழுந்து பேசினார்கள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்ததால் அவர் முந்தானை நனைந்திருந்தது.

அத்தையின் கை அம்மாவின் தோளிலேயே உறைந்துவிட்டது. தாலி கட்டி ஒரு பொழுது முடியவில்லை, அதற்குள் எல்லாம் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

அந்த அம்மாள் நிதானமாக உள்ளே வந்தார். தூண் ஓரத்தில் சாத்தியிருந்த மரப்பிடிக் குடையை எடுத்தார். அம்மாவையும் அத்தையையும் ஒரு முழ தூரத்தில்தான் தாண்டிப் போனார், ஆனால் அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. வாசலில் நின்ற என்னிடம் வந்ததும் குனிந்து என் கன்னத்தில் அட்சதை ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டார்.

"கொடைய மறந்துட்டேன் தாயி. கொடைய எடுக்கத்தான் வந்தேன், கொடையத்தான் பாத்தேன்" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு சாரலில் இறங்கி, மருமகள் உட்கார்ந்திருந்த வேனை நோக்கி நடந்தார்.